வாலைப் பிடித்த புரதம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் எழுதித் தரச் சொல்லி, உங்கள் துறைத்தலைவி இரண்டு முறை போன் செய்துவிட்டார். முதல் முறை உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். இரண்டாம் முறை பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது. நாலு நல்ல விஷயம் என்னிடம் இல்லை. முப்பது வருஷம் வைரஸ்களோடு மல்லுக்கட்டியதில் முட்டிவலியும், இருட்டறையில் நுண்ணோக்கியைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன ஒரு கண்ணும், தூக்கத்திலும் விட்டுப்போகாத ஒரு தப்பும்தான் மிச்சம். அந்தத் தப்பைச் சொல்கிறேன். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், இந்த ஊரை எல்லோரும் இன்னும் மெட்ராஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் ஆய்வகம் அடையாற்றில், ஆற்றுக் காற்று வீசும் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தது. ஆற்றுக் காற்று என்றால் அடையாற்றுக்காரர்களுக்குப் புரியும், நாற்றம் தாங்காமல் பாதி நாள் ஜன்னலைச் சாத்தித்தான் வைப்போம். நகரத்து மருத்துவமனைகள் ரத்தமும் எச்சிலும் மூளைநீரும் அனுப்பும். என்ன வைரஸ் என்று நாங்கள் சொல்ல வேண்டும். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், என் பொறுப்பு. எனக்கு எதிர் மேஜையில் இருந்தவள் ஹெர்ப்பிஸ் பார்ப்பாள். மயிலாப்பூர் மாடவீதிப் பெண், என் வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் பெயரைச் சொன்னால் இப்போதும் என்னோடு சண்டைக்கு வருவாள் என்பதால் எதிர் மேஜைக்காரி என்றே சொல்கிறேன்.

அந்த வருஷங்களில் எங்கள் துறையில் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சு, வைரஸ் எப்படி உடம்பின் காவலை ஏமாற்றுகிறது என்பதுதான். மாதம் ஒரு புதுப் புரதம் கண்டுபிடித்தார்கள். நம் செல்கள் தங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வாசலில் காட்டி வைக்கும். ஒரு வைரஸின் புரதம் அந்தத் துண்டுகளை வாசலுக்கு வரவிடாமல் உள்ளேயே அமுக்கிவிடும். இன்னொரு வைரஸ், உடம்பு அனுப்பும் எச்சரிக்கைப் பொருளை வழியிலேயே விழுங்கிவிடும் போலிப் புரதங்களைச் செய்து வெளியே விடும். மங்கிய ஜெராக்ஸில் இதையெல்லாம் வாசித்துவிட்டு, கெட்டிக்காரப் பயல்கள் என்று வைரஸ்களை மெச்சிக்கொள்வோம். மெச்சிக்கொள்ள நேரம் இருந்த காலம் அது.

எனக்கு மிகப் பிடித்தது ஹெர்ப்பிஸ் செய்யும் வேலை. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே ஹெர்ப்பிஸ். உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிக்கு இரண்டு கைகளும் ஒரு வாலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகளால் வைரஸைப் பிடிக்கும், வாலைக் காட்டி மற்ற காவல் செல்களைக் கூப்பிடும். ஹெர்ப்பிஸ் தான் புகுந்த செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நட்டு வைக்கிறது. வரும் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. வால் மாட்டிக்கொண்டால் ஆன்டிபாடி யாரையும் கூப்பிட முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் ஆய்வகம் பார்க்க வந்தபோது, ரோஸ் சாக்பீஸால் பலகையில் பெரிய வாலாக வரைந்து இதை விளக்கினேன். கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அது நடந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில் தேனாம்பேட்டைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து நரம்பியல் டாக்டர் போன் செய்தார். “மேடம், கருவிழி ஸ்மியர் அனுப்பறேன். கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க. வீட்டுக்காரங்க வாசல்லயே நிக்கறாங்க, என்னால பதில் சொல்ல முடியலை” என்றார்.

சாம்பிளோடு வந்த படிவத்தில் நோயாளியின் கதை முழுக்க இருந்தது. பெயரை மாற்றித் துரைராஜ் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்துமூன்று வயது. தி. நகரில் ஜவுளிக்கடை. மூன்று மாதத்துக்கு முன்பு தெருநாய் காலில் கடித்திருக்கிறது. வயிற்றைச் சுற்றிப் போடும் ஊசியை வலி தாங்காமல் பாதியில் நிறுத்திவிட்டார். இப்போது நாலு நாளாகக் காய்ச்சல், பிதற்றல், தண்ணீர் கொடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. வலது கண் சிவந்திருக்கிறது. படித்து முடிப்பதற்குள் என் மனதில் அறிக்கை தயாராகிவிட்டது. முதல் தப்பு அதுதான். ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்னால் படிவத்தைப் படித்தேன்.

பரிசோதனை உங்களுக்குத் தெரியும், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கருவிழியில் கண்ணாடிச் சில்லை ஒற்றி எடுத்து, முயலில் தயாரித்த ரேபிஸ் ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தோடு அதன்மேல் ஊற்றி, இருட்டறையில் பார்ப்போம். ரேபிஸ் இருந்தால் பச்சையாக ஒளிரும். அதோடு கன்ட்ரோலாக இன்னொரு சில்லில், ரேபிஸையே கண்டிராத ஒரு முயலின் ஆன்டிபாடியை அதே சாயத்தோடு ஊற்ற வேண்டும். அது ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அந்தக் கன்ட்ரோல் குப்பி தீர்ந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. புதுக் குப்பி கேட்டு நான் எழுதிய கடிதம் யாருடைய மேஜையிலோ கையெழுத்துக்காகத் தவம் கிடந்தது. மூன்று வாரமாகக் கன்ட்ரோல் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் கேட்கவும் யாரும் இல்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ஸ்லைடு பச்சையாக ஒளிர்ந்தது. ரேபிஸ் என்றால் செல்லுக்குள்ளே மணி மணியாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது செல்லின் ஓரம் முழுக்க ஒரு பச்சைப் பூச்சு, உள்ளே அங்கங்கே சில புள்ளிகள். படிவத்தைப் படிக்காமல் பார்த்திருந்தால், இது என்ன கண்றாவி என்று நின்றிருப்பேன். நாய்க்கடி, தண்ணீர், தொண்டை என்று மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் புள்ளிகள் மணிகளாகிவிட்டன. பூச்சைக் கண்டும் காணாமல் விட்டேன். ‘ரேபிஸ் பாசிட்டிவ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டருக்குப் போனிலும் சொன்னேன். “தேங்க்ஸ் மேடம், சொல்லிடறேன்” என்று அவர் வைத்துவிட்டார். அன்று நான் நன்றாகவே சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தாள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ரேபிஸ் மூளைக்கு ஏறிவிட்டால் மருந்து கிடையாது. ஹெர்ப்பிஸாகவும் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு டாக்டர் முந்தின நாள்தான் அதற்கான மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்திருந்தார். என் அறிக்கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டாரிடம் சொன்னார். அவர்கள் அன்று மாலையே துரைராஜை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையில் எதிர் மேஜைக்காரி தயிர்சாதத்தை ஸ்பூனால் கிளறியபடி சொன்னாள்: “தேனாம்பேட்டை ஆஸ்பத்திரிலேர்ந்து கண் டாக்டர் கருவிழில சுரண்டின ஸ்கிரேப்பிங் ஒண்ணு அனுப்பியிருந்தார்டி. முந்தாநாள் எடுத்ததாம், ஃபிரிட்ஜுல மறந்துபோய் வச்சிருந்துட்டு இன்னிக்குக் காத்தால அனுப்பறா. பளிச்சுன்னு ஹெர்ப்பிஸ். கருவிழில கிளை கிளையாப் புண்ணாம். பாவம், ஜுரத்துல பிதத்திண்டு கெடக்கறானாம். முப்பத்திமூணு வயசுதான் போட்டிருக்கு.”

“பேர் என்ன?” என்றேன். சொன்னாள்.

“அவன் என் பேஷன்ட். ரேபிஸ்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்.”

“எந்தக் கண்ணு?”

“வலது.”

“இதுவும் வலதுதான்.” ஸ்பூனை டப்பாவில் வைத்தாள். “கன்ட்ரோல் போட்டியோ?”

நான் என் டப்பாவை மூடினேன்.

“போடலையா? நீதானேடி போன வாரம் அந்தக் கொழந்தைகளுக்குப் போர்டு பூரா வாலா வரைஞ்சுண்டு நின்னே! முயலோட ஆன்டிபாடியை ஊத்தினா ஹெர்ப்பிஸ் அது வாலையும்தான் பிடிச்சுக்கும். பிடிச்சா பச்சையாத்தான் தெரியும். நோக்குத் தெரியாத விஷயமா இது?”

தெரியாத விஷயம் இல்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும். உடம்பை ஏமாற்ற அந்த வைரஸ் வைத்திருந்த புரதம், போகிற போக்கில் என்னையும் ஏமாற்றிவிட்டது. முயல் ஆன்டிபாடியின் கைகள் ரேபிஸைப் பிடித்ததாக நான் எழுதினேன். ஹெர்ப்பிஸ் அதன் வாலைப் பிடித்திருந்தது. எதிர் மேஜைக்காரி பயன்படுத்தியது எலியின் ஆன்டிபாடி. எலி வாலை அந்தப் புரதம் தொடாது. அதனால் அவளுடைய முடிவை நம்பலாம்.

நல்லவேளை, அதே கண்ணில் ஒற்றிய இரண்டாவது சில்லு என்னிடம் இருந்தது. கன்ட்ரோல் குப்பிதான் இல்லை. வேறு வழி ஒன்று உண்டு. சாதாரண மனித சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, முதலில் ஊற்றினால், அதிலுள்ள ஆன்டிபாடிகளின் வால்கள் போய் ஹெர்ப்பிஸ் புரதத்தின் பிடிகளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முயல் ஆன்டிபாடி ஊற்றினால், உண்மையான ரேபிஸ் மட்டும் ஒளிரும். அந்தக் காலத்தில் நார்மல் சீரம் வேண்டுமென்றால் எங்களில் யாராவது கையை நீட்டுவோம். நான் அவசரமாகப் புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினேன். எதிர் மேஜைக்காரி என் கையைத் தள்ளிவிட்டாள்.

“அசடு மாதிரி பண்ணாதே. ரேபிஸ் லேப்ல இருக்கேன்னு வருஷா வருஷம் ஊசி போட்டுக்கறே. உன் ரத்தம் பூரா ரேபிஸ் ஆன்டிபாடி. நெஜமாவே ரேபிஸ் இருந்தாலும் உன் சீரம் அதை மூடிடும். அப்பறம் பச்சை போயிடுத்துன்னு சந்தோஷப்படுவே” என்றாள். பிறகு தன் கையை நீட்டினாள். ஊசியைக் கண்டாலே மயக்கம் போடுகிறவள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சீக்கிரம் எடு, எடு” என்று கத்தினாள். பதற்றத்தில் நான் இன்னொரு தப்பைச் செய்யாமல் தடுத்தது அவள்தான். நீங்கள் தனியாக நின்று முடிவெடுக்காதீர்கள். வாய் நீளமான ஒருத்தி பக்கத்தில் இருப்பது நல்லது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரேபிஸ் உறுதியான எலி மூளை ஸ்லைடையும் கூடவே வைத்து, இரண்டிலும் அவள் சீரத்தை ஊற்றிப் பார்த்தேன். எலி மூளை முன்போலவே மணி மணியாக ஒளிர்ந்தது. துரைராஜின் ஸ்லைடில் பச்சை காணாமல் போயிருந்தது. இருட்டறையில் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

எங்கள் ஆய்வகத் தலைவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “புது சாம்பிள் வாங்கி இன்னொரு தடவை போட்டுட்டு, திங்கட்கிழமை முறைப்படி திருத்திய ரிப்போர்ட் அனுப்பலாமே” என்றார். திங்கட்கிழமை அந்த ஆள் உயிரோடு இருப்பானா என்று கேட்டேன். அவர் மேஜையில் பூட்டுப் போட்ட போன் ஒன்று இருந்தது. டிராயரைத் திறந்து அதன் சாவியை எடுத்து நீட்டினார். “போன் பண்ணு, நேர்லயும் போ. ஆனா பேப்பர்ல என்ன எழுதறேன்னு பார்த்து எழுது” என்றார்.

நாலு முறை எங்கேஜ்டு. ஐந்தாம் முறை நரம்பியல் டாக்டர் கிடைத்தார். சொன்னேன். “உங்க பேப்பரைப் பார்த்துதான் மேடம் நான் மருந்தை நிறுத்தினேன்” என்றார்.

“தெரியும் டாக்டர்.”

“ரேபிஸ் இல்லைங்கறீங்களா இப்போ?”

“இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்குன்னு நான் சொன்னது தப்பு. ஹெர்ப்பிஸ் இருக்கு, அது நிச்சயம்.”

“வீட்ல போன் கிடையாது, கடை போனை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. எப்படியாவது கூட்டிட்டு வாங்க. வந்த நிமிஷம் ஆரம்பிச்சுடறேன்” என்று முகவரியைச் சொன்னார்.

திருத்திய அறிக்கையைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். எல்லாம் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். ‘மறுபரிசோதனையின்படி ரேபிஸ் காணப்படவில்லை’ என்று அலுவலக ஆங்கிலத்தில் ஒரு வரி. முதலில் கண்டது யார், எதைச் செய்யாமல் விட்டதால் கண்டார் என்பதெல்லாம் அதில் இல்லை. நந்தனம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. “இன்னாத்த சொல்றது மேடம், பனகல் பார்க் வரைக்கும் ஒரே ஜாம் ஆயிகீது. நீ வேணா எறங்கி நடந்துக்கினு போயேன், எனக்கு முந்தி பூடுவ” என்றார் ஆட்டோக்காரர். அப்படியே இறங்கி, முகூர்த்தப் புடவை வாங்க வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தேன்.

உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாடியில் வீடு. வெளிச்சமும் காற்றும் படக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடையிலிருந்த போர்வைகளை எடுத்து ஜன்னல்களில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளறையில் துரைராஜ் கிடந்தார். அறை வாசலுக்கு வெளியே, நிலைப்படியைத் தாண்டாமல் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதுகூட இருக்காது. பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

துரைராஜின் அண்ணன்தான் என்னிடம் பேசினார். கடையை ஆரம்பித்தவர், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. “நேத்து சாவான்னு சொன்னீங்க. நாங்களும் மனசத் தேத்திக்கிட்டு ஊருக்கெல்லாம் சொல்லி விட்டாச்சு. இன்னைக்கு வந்து பொழைப்பான்னு சொல்லுதீங்க. எதைம்மா நாங்க நம்ப?” என்றார்.

“முதல் ரிசல்ட் தப்புங்க.”

“யாரு பண்ணின தப்பு?”

நான் தாளைப் பார்த்தேன். “லேப்ல ஒரு தப்பு ஆயிடுச்சு” என்றேன்.

“இப்பம் சொல்லுதது மட்டும் சரியா இருக்கும்னு எழுதித் தருவீங்களா? மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி. அவன் நிம்மதியாப் போவட்டும், விட்டுருங்கம்மா.”

எழுதித்தர முடியாது என்றேன். மருந்து கொடுத்தாலும் பிழைக்காமல் போகலாம், கொடுக்காவிட்டால் நிச்சயம் போய்விடுவார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

அப்போது முத்துலட்சுமி தலையைத் தூக்கினாள். “மேடம், நான் அவரைத் தொடலாமா?” என்று கேட்டாள்.

“தொடறதால ஒண்ணும் ஆகாதும்மா. ரேபிஸாவே இருந்தாலும் ஆகாது” என்றேன். அதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அவள் அந்த நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். எழுந்து உள்ளே போனாள். புருஷன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அங்கிருந்தே துரைராஜின் அண்ணனைப் பார்த்து, “அத்தான், வண்டிக்குச் சொல்லுங்க” என்றாள். அழுகையே இல்லாத குரல். அண்ணன் படியிறங்கினார்.

துரைராஜ் பிழைத்தார். மூன்று வாரம் மருந்து ஏறியது. நாலாவது வாரம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். ஆனால் ஹெர்ப்பிஸ் மூளையில் ஞாபகங்களைச் சேர்த்துவைக்கும் இடத்தைத்தான் முதலில் தின்னும். பழையதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. மனைவி, பிள்ளைகள், எந்தப் புடவை எந்த ஊரில் நெய்தது என்பதெல்லாம் இருந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் யார் வந்தார்கள் என்று பத்து மணிக்குக் கேட்டால் தெரியாது. மருந்து நின்றிருந்தது ஒன்றேகால் நாள். அது நிற்காமல் இருந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். “தெரியாது மேடம். கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, ஸ்லைடைப் பார்த்து முடிக்கும்வரை படிவத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். கன்ட்ரோல் இல்லாத நாளில் என் மேஜையிலிருந்து அறிக்கை போகாது. எதையாவது செய்ய முடியாமல் போனால், செய்யவில்லை என்று அறிக்கையின் அடியில் எழுதுவேன். ‘உங்க ரிப்போர்ட்டைப் படிச்சா பயமா இருக்கு’ என்று டாக்டர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். பயப்படட்டும். இதையெல்லாம் செய்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டியதுதான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் உங்கள் தலைவிக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கடையில்தான் புடவை எடுத்தேன். அபிராமபுரத்திலிருந்து தி. நகருக்கு அந்தக் கூட்டத்தில் போக எனக்கென்ன தலையெழுத்து? ஆனாலும் போனேன். கடையை முத்துலட்சுமிதான் நடத்தினாள். கல்லாவில் அவள், வாசலை ஒட்டிய நாற்காலியில் துரைராஜ். நான் நுழைந்ததும் அவர் மரியாதையாக, “வாங்க, யாருன்னு தெரியலீங்களே?” என்பார். உடனே அவள் கல்லாவிலிருந்து, “உங்களைக் காப்பாத்தின மேடம் இவங்கதான்” என்பாள். அவர் எழுந்து நின்று கைகூப்புவார். கண் கலங்கிவிடும் அவருக்கு. ஒவ்வொரு வருஷமும் முதல் முறையாகக் கும்பிடுவார். நானும் ஒவ்வொரு வருஷமும் அதை வாங்கிக்கொண்டு புடவை பார்க்கப் போவேன்.

ஐந்தாவது வருஷமோ என்னவோ, ஒரு வேலைநாள் காலையில் சீக்கிரமே போய்விட்டேன். கடையில் கூட்டமில்லை. முத்துலட்சுமியைக் கல்லாவில் காணவில்லை. துரைராஜ் வழக்கம்போல் யார் என்று கேட்டார். பதில் சொல்ல அவள் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கன்ட்ரோல் போடாததை, பூச்சைக் கண்டும் விட்டதை, ‘மறுபரிசோதனை’ என்று எழுதி மழுப்பியதை. உங்கள் ஞாபகம் போனதற்கு நானும் ஒரு காரணம் என்றேன். அவர் முழுக்கக் கேட்டார். “மனுஷங்கன்னா தப்பு வரத்தாங்க செய்யும். விடுங்க. இதுக்குப் போய் அழலாமா?” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இரண்டு புடவை பார்த்திருப்பேன். “வாங்க, யாருன்னு தெரியலீங்களே?” என்றார்.

திரும்பினால், உள்ளே பண்டல்களுக்குப் பின்னால் முத்துலட்சுமி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. மறந்துவிடுகிற ஆளாகப் பார்த்து நான் சொன்னதை, மறக்காத ஒருத்தி கேட்டுவிட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். ஆஸ்பத்திரில ரெண்டு பேப்பரும் குடுத்தாங்க. ரெண்டுலயும் ஒரே கையெழுத்துதான்” என்றாள்.

“தெரிஞ்சுமா ஒவ்வொரு வருஷமும் அவர்கிட்ட அப்படிச் சொன்னே?”

அவள் கலைந்து கிடந்த புடவையை எடுத்து மடித்தாள். “என்னைக்காவது ஒரு நாள் நீங்களே இல்லைன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போன குரல்தான்.

அடுத்த வருஷமும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. துரைராஜ் நாற்காலியிலிருந்து, “வாங்க, யாருன்னு தெரியலீங்களே?” என்றார். முத்துலட்சுமி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“ரிப்போர்ட் எழுதின மேடம்” என்றாள். அவர் உட்கார்ந்தபடியே தலையசைத்து, புடவைகள் உள்ளே இருப்பதாகச் சொன்னார்.